சாரம் இல்லாத படம்

2024 டிசம்பர் கடைசியிலும் 2025 ஜனவரி முதல் வாரத்திலுமாகப் பதினாறு நாட்கள் கிரீஸில் இருந்தேன். காரணம் ஒன்றும் உயர்வானதல்ல. குளிர்காலத்தில் விமான டிக்கெட் மலிவு. விடுதி அறையும் மலிவு. கிரீஸ் என்றதும் நம் மனசில் வருகிற வெயிலும் நீலக்கடலும் வெள்ளைச் சுவரும் கோடைக்காலத்துச் சரக்கு. அவை இல்லாத நாட்களில் வருகிறவனுக்கு விலையைக் குறைப்பது நியாயம்தான்.

ஏதென்ஸில் இரண்டாம் நாள் காலை அக்ரோபோலிஸ் ஏறினேன். இரவெல்லாம் மழை பெய்திருந்தது. எத்தனையோ தலைமுறைக் கால்கள் தேய்த்த பளிங்குப் பாறை எண்ணெய் பூசினமாதிரி வழுக்கிற்று. கூட்டம் இல்லை. பார்த்தினன் கோவிலின் மேற்கு முகத்தில் சாரம் கட்டியிருந்தார்கள். 1975இல் குழு அமைத்து ஆரம்பித்த புனருத்தாரண வேலை நான் போனபோதும் நடந்துகொண்டிருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு தூரம் வந்து இரும்புக் குழாய்களையா படம் எடுப்பது? சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் கிழக்குப் பக்கமாக ஒரு இடம் அகப்பட்டது. அங்கே கொஞ்சம் குனிந்து நின்றால் சாரம் விழாது; கீழே பரந்து கிடக்கிற நகரமும் விழாது. எடுத்தேன்.

ராத்திரி அறையில் அந்தப் படத்தைப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. தூண்கள், ஈர வானம், வேறு ஒன்றுமில்லை. அந்த 'வேறு ஒன்றுமில்லை' என்பது கொஞ்ச நேரத்தில் உறுத்த ஆரம்பித்தது. அந்தக் குன்றின் மேல் வேறு ஒன்றுமே இல்லாமல் இருந்த காலம் எது?

கோவில் கட்டப்பட்டது கி.மு. 447க்கும் 432க்கும் இடையில். அதீனா தேவியின் கோவிலாக ஏறக்குறைய ஒன்பது நூற்றாண்டு. பிறகு மாதா கோவிலாக ஏறக்குறைய ஆயிரம் வருஷம். அதாவது அதீனாவைவிட மேரிக்குத்தான் அங்கே வாசம் அதிகம். யாத்ரீகர்கள் தூண்களில் பிரார்த்தனைகளைக் கீறிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 1204க்குப் பிறகு வந்த பிராங்கியப் பிரபுக்கள் அதை ரோமன் கத்தோலிக்கக் கோவிலாக்கினார்கள். குன்றின் வாசலில் ஒரு சதுரக் கோபுரமும் எழும்பிற்று. 1458இல் அக்ரோபோலிஸ் துருக்கியர் கைக்குப் போயிற்று. கோவில் மசூதியாகி ஒரு மினாரும் வந்தது. 1687 செப்டம்பர் 26ஆம் தேதி, மோரோஸினியின் தலைமையில் முற்றுகையிட்ட வெனிஸ்காரர்களின் குண்டு ஒன்று, துருக்கியர் உள்ளே குவித்து வைத்திருந்த வெடிமருந்தில் விழுந்தது. இன்று நாம் ரசிக்கிற அந்தச் சிதைவு பெரும்பாலும் அந்த ஒரு நாள் வேலை. பிறகு சிதைவுக்கு உள்ளேயே சின்னதாக ஒரு மசூதி கட்டிக்கொண்டார்கள். 1839இல் எடுத்த புகைப்படத்தில் அது இருக்கிறது. பார்த்தினனின் முதல் புகைப்படங்களில் அது ஒன்று. அதில் மசூதியோடுதான் பார்த்தினன் தெரிகிறது.

1834இல் ஏதென்ஸ் புது ராஜ்யத்தின் தலைநகராயிற்று. ராஜா ஒட்டோ பவேரியாவிலிருந்து வந்தவர். அப்போது பத்தொன்பது வயசு. அவரைக் குன்றின் மேல் உட்காரவைத்து ஒரு விழா எடுத்தார்கள். ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் லியோ ஃபான் க்ளென்ஸே பேசினார். அநாகரிகத்தின் அடையாளங்கள் எல்லாம் இங்கிருந்து அகற்றப்படும் என்பது பேச்சின் சாராம்சம். சொன்னபடி நடந்தது. மினார் போயிற்று, மசூதி போயிற்று, வீடுகள் போயின. கடைசியில் 1875இல் அந்தச் சதுரக் கோபுரத்தையும் இடித்தார்கள். செலவை ஏற்றுக்கொண்டவர் ட்ராய் நகரைத் தோண்டின ஷ்லீமன். அப்போதே கண்டித்தவர்களும் உண்டு. ஆனால் குன்று சுத்தமாகிவிட்டது. இரண்டாயிரத்து முந்நூறு வருஷத்தில் ஒரு ஐம்பது வருஷத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்தாயிற்று.

நான் குனிந்து நின்று எடுத்த படமும் இதே வேலையைத்தான் செய்தது. அவர்கள் இடித்தார்கள், நான் நகர்ந்து நின்றேன்.

இந்தச் சுத்த உணர்ச்சி கிரேக்கர்களுக்கு மட்டும் உரியதல்ல. எல்ஜின் பிரபு பெயர்த்துக்கொண்டுபோன சிற்பங்களை 1816இல் விலைக்கு வாங்கி வைத்திருக்கிற பிரிட்டிஷ் மியூஸியத்தில், 1937-38இல் அவை போதிய வெண்மையாக இல்லை என்று செப்புக் கருவிகளை வைத்துச் சுரண்டியிருக்கிறார்கள். அந்தச் சிற்பங்களோ ஆதியில் வர்ணம் பூசப்பட்டவை. நீலத்தின் தடயம் இன்றும் அகப்படுகிறது. சரித்திரத்தில் ஒருபோதும் இல்லாத வெண்மையை மீட்பதற்காகச் சுரண்டினார்கள்.

இதற்காகத் துருக்கியர் காலத்தைப் பொற்காலமாக்கிப் பேசவும் நான் தயாரில்லை. குன்றிறங்கி மொனஸ்திராகி சதுக்கத்துக்கு வந்தால் 1759இல் கட்டிய ஒரு மசூதி நிற்கிறது. அதைக் கட்டின துருக்கி அதிகாரி, சுண்ணாம்பு வேண்டுமென்று பழைய கோவில் தூண் ஒன்றை உடைத்துச் சூளையில் போட்டான். அதற்காகப் பதவியும் இழந்தான். பளிங்கைச் சுட்டால் நல்ல சுண்ணாம்பு கிடைக்கும். நூற்றாண்டுக் கணக்கில் எல்லா மதத்தாரும் இதைச் செய்திருக்கிறார்கள். ஆனால் சுண்ணாம்புக்காக உடைத்தவனுக்குப் பளிங்கின் மேல் துவேஷம் இல்லை. அவனுக்கு வீடு கட்ட வேண்டும், அவ்வளவுதான். க்ளென்ஸேக்குத் துவேஷம் இருந்தது. அழகுணர்ச்சியும் துவேஷமும் ஒரே மனசில் இவ்வளவு சௌகரியமாகக் குடியிருக்க முடியும் என்பதை நாம், அதாவது அழகைப் பற்றி எழுதுகிறவர்கள், கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். அந்த மசூதி இப்போது மியூஸியக் கட்டடம். சுதந்திரத்துக்குப் பிறகு ஏதென்ஸில் அரசு அங்கீகாரத்தோடு ஒரு மசூதி திறக்கப்பட்டது 2020 நவம்பரில்தான்.

ஏதென்ஸ் தெருக்களில் டிசம்பரில் நாரத்தை மாதிரி ஒரு கசப்பு ஆரஞ்சு மரமெல்லாம் காய்த்துக் கிடக்கிறது. யாரும் தின்பதில்லை. நடைபாதையில் விழுந்து நசுங்குகிறது. அதை மிதித்துக்கொண்டு நடக்கும்போது கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படிப்பது எனக்குப் பொழுதுபோக்கு. ரொட்டிக் கடையின் பெயர்ப் பலகையில் இருப்பது 'ஆர்ட்டோஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. உள்ளே போய்க் கேட்கிறவர்கள் 'ப்ஸொமி' என்கிறார்கள். மீன் கடைப் பலகையில் 'இக்திஸ்', கேட்பது 'ப்ஸாரி'. பலகை ஒரு பாஷை பேசுகிறது; அதன் கீழே நிற்கிற மனுஷன் இன்னொன்று பேசுகிறான். இரண்டு தமிழோடு காலந்தள்ளுகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பலகையில் இருக்கிறது பழைய கிரேக்கம். அதன் பக்கமாகப் பேச்சை இழுத்துக்கொண்டுபோய்ச் செய்த எழுத்து மொழிக்குக் 'காதரேவுஸா' என்று பெயர். அந்தச் சொல்லின் பொருளே 'தூய்மைப்படுத்துவது' என்பதுதான். பாரீஸில் உட்கார்ந்து எழுதிய கொராயிஸ் (1748-1833) என்ற அறிஞர் இதற்கு வழிவகுத்தவர். அவர் கேட்டது ஒரு நடுவழிதான். பின்னால் வந்தவர்கள் அதைப் பழமையின் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனார்கள். துருக்கி, இத்தாலியச் சொற்களைக் களைவது, பழைய வேற்றுமை உருபுகளைத் திரும்ப ஒட்டவைப்பது. அக்ரோபோலிஸில் கோபுரத்தை இடித்த அதே தலைமுறைகள் அகராதியிலும் இடித்துக்கொண்டிருந்தன. இரண்டும் ஒரே காரியம் என்று எனக்குப் படுகிறது.

இதில் ரத்தமும் சிந்தியிருக்கிறது. அலெக்ஸாந்த்ரோஸ் பாலிஸ் என்பவர் வியாபாரி. தொழில் நிமித்தம் பம்பாயிலும் இருந்தவர். இலியத்தைப் பேச்சு மொழியில் பெயர்த்தவர். 1901இல் மத்தேயு சுவிசேஷத்தையும் பேச்சு மொழியில் பெயர்த்தார். 'அக்ரோபோலிஸ்' என்றே பெயர் கொண்ட ஒரு தினசரியில் அது தொடராக வந்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். கலகத்தில் எட்டுப் பேர் செத்தார்கள். பிஷப் ராஜினாமா செய்தார், மந்திரிசபை விழுந்தது. எதை எதிர்த்து? ஏசு பேசியதை மீன் விற்கிறவளுக்குப் புரிகிற மாதிரி எழுதியதை எதிர்த்து. சுவிசேஷத்தின் மூலமே அந்தக் காலத்துச் சாதாரணக் கிரேக்கத்தில் எழுதப்பட்டது என்பதை மாணவர்கள் மறந்துவிட்டார்கள். 1911 அரசியல் சட்டம், அனுமதியில்லாமல் வேதத்தை மொழிபெயர்க்கக் கூடாது என்று எழுதிவைத்தது. 1967 முதல் 1974 வரை ஆண்ட ராணுவத் தளபதிகளுக்கும் தூய மொழியின் மேல்தான் பிரீதி. அவர்கள் போன பிறகு, 1976இல், பேச்சு மொழி கல்வியின் மொழியாயிற்று.

இவ்வளவு சண்டைக்கும் வெளியே, அலெக்ஸாந்திரியாவில், நீர்ப்பாசன இலாகாவில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு கவாஃபி எழுதிக்கொண்டிருந்தார். அவர் கவிதையில் தூய சொல்லும் தெருச் சொல்லும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் வரும். இரண்டு கட்சிக்கும் அது பிடிக்கவில்லை. அவர் எழுதிய சரித்திரமும் பார்த்தினன் கட்டின பொற்காலம் அல்ல. கலப்பும் சரிவும் மிகுந்த, யார் கிரேக்கர் யார் அல்ல என்று சொல்ல முடியாத பிற்காலம். எதைக் கழிக்க மறுத்தாரோ அதுதான் அவர் கவிதைக்கு உயிர் கொடுத்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை குழந்தைகள் முக்கோண இரும்புக் கம்பியைத் தட்டிக்கொண்டு கடை கடையாகப் பாடி வந்தார்கள். நான் காப்பி குடித்துக்கொண்டிருந்த கடைக்கும் வந்தார்கள். பாட்டில் பழைய மொழியின் உருபுகள் நிறைய. குழந்தைகள் அவற்றை விழுங்கி, கடைசி எழுத்துகளைத் தின்று, தங்களுக்கு வருகிறபடி பாடிக் காசு வாங்கிக்கொண்டு போனார்கள். 1901இல் கல்லெறிந்த மாணவர்கள் கேட்டிருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பார்கள். பாட்டென்னவோ நன்றாகத்தான் இருந்தது.

கிறிஸ்துமஸ் கழிந்து நாஃப்ப்ளியோ போனேன். ஏதென்ஸுக்கு முன்னால் தலைநகராக இருந்த துறைமுகப் பட்டணம். ஸ்பிரிடோன் கோவில் சுவரில் ஒரு சின்னக் குழியைக் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார்கள். முதல் ஆட்சித் தலைவர் கப்போதிஸ்த்ரியாஸை 1831இல் அந்த வாசலில் சுட்டுக் கொன்றார்கள்; அந்தக் குண்டு பட்ட தடம் என்று சொல்கிறார்கள். எனக்கு அங்கே முக்கியமாகப் பட்டது வேறொன்று. ஊர் நடுவில் 18ஆம் நூற்றாண்டு மசூதி ஒன்று இருக்கிறது. புரட்சி நடந்துகொண்டிருந்த 1825-26இல் கிரேக்க மக்கள் சபை அதற்குள்தான் கூடிற்று. கிட்டத்தில் இருக்கிற இன்னொரு மசூதி பிற்காலத்தில் சினிமாக் கொட்டகையாயிற்று. சுதந்திரத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் கட்டடத்தைச் சுத்தப்படுத்த நேரமில்லை. கூரை இருந்தது, கூடினார்கள். சுத்தம் செய்ய ஒரு அரசாங்கமும் கஜானாவும் சிற்பியும் ராஜாவும் வேண்டியிருக்கிறது.

அங்கிருந்து ஏதென்ஸுக்குத் திரும்பி, பஸ்ஸில் வடக்கே தெஸலோனிக்கி. ஏறக்குறைய ஆறு மணி நேரம். வர்தாரி என்று ஒரு காற்று அங்கே வடக்கிலிருந்து நதிப் பள்ளத்தாக்கு வழியாக இறங்குகிறது. கம்பளியைத் துளைத்துக்கொண்டு எலும்பில் படுகிறது. நகரத்தின் சின்னம் கடற்கரையில் நிற்கிற வெள்ளைக் கோபுரம். அது வெள்ளையாக இல்லை, மங்கின மஞ்சள். துருக்கியர் காலத்தில் சிறையாகவும் கொலைக்களமாகவும் இருந்து 'ரத்தக் கோபுரம்' என்று பெயரெடுத்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதற்கு வெள்ளையடித்துப் பேரையும் மாற்றினார்கள். சுண்ணாம்பு மழையில் போய்விட்டது. பேர் நின்றுவிட்டது.

ஏதென்ஸில் கல்லும் சொல்லும் சுத்தமானதைப் பார்த்தேன். தெஸலோனிக்கியில் சுத்தமாகிப்போனது ஜனங்கள்.

1912இல் கிரேக்க ராணுவம் இந்த நகரத்துக்குள் வந்தது. அடுத்த வருஷம் எடுத்த ஜனக்கணக்கில் சுமார் 1,58,000 பேர். அதில் யூதர்கள் 61,000, முஸ்லிம்கள் 46,000, கிரேக்கர்கள் 40,000. ஸ்பெயின் 1492இல் விரட்டியடித்த யூதர்கள் இங்கே வந்து, நாலு நூற்றாண்டுக்குப் பிறகும் பழைய ஸ்பானிஷ் பேசிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை துறைமுகமே ஓய்ந்திருக்குமாம். 1917 ஆகஸ்டில் நகரத்தின் நடுப்பகுதி எரிந்தது. எழுபதினாயிரத்துக்கு மேல் வீடிழந்தார்கள். பிரெஞ்சுக்காரர் எர்ன்ஸ்ட் எப்ரார் போட்ட திட்டப்படி புது நகரம் எழுந்தது. 1923 லொஸான் ஒப்பந்தப்படி ஜனப் பரிமாற்றம். சுமார் 12 லட்சம் கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கு வந்து சேர்ந்தார்கள். மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் துருக்கிக்குப் போனார்கள். பேசுகிற பாஷை என்ன என்று யாரும் கேட்கவில்லை. மதம் ஒன்றுதான் அளவுகோல்.

இதில் ஒரு விசித்திரம். ஸபத்தாய் ஸேவி என்பவர் 17ஆம் நூற்றாண்டில் தன்னை மீட்பன் என்று அறிவித்து, பின்னால் சுல்தானுக்குப் பணிந்து முஸ்லிமானார். அவரைப் பின்பற்றி மதம் மாறின யூதக் குடும்பங்கள் தெஸலோனிக்கியில் இருந்தன. 1902இல் அவர்களுக்காக இத்தாலியச் சிற்பி ஒருவர் கட்டின மசூதி இன்னும் நிற்கிறது. 1923இல் அவர்கள் முஸ்லிம்கள் என்று கணக்காகித் துருக்கிக்கு அனுப்பப்பட்டார்கள். நகரத்தை விட்டுப் போகமாட்டோம் என்று மன்றாடியவர்களும் உண்டு. இருபது வருஷம் கழித்து நகரத்தில் தங்கியிருந்த யூதர்களுக்கு நேர்ந்தது அவர்களுக்கு நேரவில்லை.

1943 மார்ச் 15ஆம் தேதி முதல் ரயில் புறப்பட்டது. ஆகஸ்டுக்குள் சுமார் 46,000 பேரை ஆஷ்விட்ஸுக்கு ஏற்றி அனுப்பினார்கள் ஜெர்மானியர்கள். யுத்தம் முடிந்தபோது நகரத்தில் எஞ்சியவர்கள் சுமார் இரண்டாயிரம். கோபுரத்தை இடிப்பதும் மனிதர்களை ரயிலில் ஏற்றுவதும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது இரண்டையும் புரிந்துகொள்ளாதது. நான் சொல்ல வருவது அதற்கு மூன்று மாதம் முன்னால் நடந்த ஒரு காரியத்தைப் பற்றி.

யூதர்களின் இடுகாடு நகரத்தின் கிழக்கு மதிலுக்கு வெளியே இருந்தது. நூற்றாண்டுகளின் கல்லறைகள், லட்சக்கணக்கில். அந்த நிலம் வேண்டுமென்று நகரசபைக்கு நெடுநாளாக ஆசை. 1942 டிசம்பரில் ஜெர்மானியர்கள் அனுமதி கொடுத்தார்கள். நகரசபை ஆட்களை வைத்து இடித்தது. கல்வெட்டுள்ள பளிங்குப் பலகைகள் நடைபாதைக்கும் சுவருக்கும் கோவில் பழுதுபார்க்கவும் போயின. ஜெர்மானியர்கள் ஒரு நீச்சல் குளம் கட்டிக்கொண்டார்கள். யுத்தத்துக்குப் பிறகு அந்த நிலத்தில் பல்கலைக்கழகம் எழும்பிற்று. அரிஸ்டாட்டில் பெயரில்.

புது வருஷத்துக்கு மறுநாள் அங்கே போனேன். விடுமுறை. புல்தரையும் சிமெண்டுக் கட்டடங்களும் தவிர ஒன்றுமில்லை. 2014இல் வைத்த நினைவுச் சின்னம் ஒன்று இருக்கிறது. எழுபத்திரண்டு வருஷம் ஆகியிருக்கிறது அதை வைக்க. தேடிக் கண்டுபிடித்து, பக்கத்தில் புல்லில் நின்றேன். ஏதென்ஸ் குன்றில் எனக்குக் கிடைத்த அதே உணர்ச்சி இங்கேயும் கிடைத்தது: வெட்டவெளி, அமைதி, வேறு ஒன்றுமில்லை. குளிர்காலத்து அமைதி என்று நான் ரசித்துக்கொண்டிருந்தது என்ன அமைதி என்று அப்போதுதான் உறைத்தது. ஒரு இடம் சுத்தமாக இருந்தால் அங்கிருந்து என்ன எடுக்கப்பட்டது என்று கேட்கத் தோன்றாத கண் எனக்கு. அந்தக் கண்ணைப் பழக்கினது நான் படித்த புஸ்தகங்களும், நான் மதிக்கிற கலை விமரிசனமும்தான்.

நான் போவதற்கு ஒரு மாதம் முன்னால், 2024 நவம்பர் 30ஆம் தேதி, தெஸலோனிக்கியில் பாதாள ரயில் திறந்திருந்தார்கள். வெனிஸேலோஸ் ஸ்டேஷன் தோண்டும்போது பைஸாந்தியக் காலத்துக் கடைத்தெரு ஒன்று அகப்பட்டது. பளிங்குத் தளம், குறுக்குத் தெரு, கடைகள். பெயர்த்தெடுப்பதா, இருந்த இடத்திலேயே விடுவதா என்று பல வருஷ வழக்கு. கடைசியில் பெயர்த்தெடுத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து அடுக்கினார்கள். இப்போது ரயிலுக்குப் போகிறவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். யார் செய்தது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் பார்த்தினனுக்குப் பல நூற்றாண்டு பின்னால் வந்த ஒரு கடைத்தெருவுக்காக ஒரு நகரம் இவ்வளவு சண்டை போட்டது என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதே நகரத்தில் 1942இல் கல்லறைகளுக்காக வழக்காட ஆளில்லை.

ஊருக்குத் திரும்புவதற்கு முன் ஏதென்ஸில் ஒரு நாள் மிச்சமிருந்தது. மறுபடியும் குன்றேறினேன். தூறிக்கொண்டிருந்தது. மேற்கு முகத்துக்கு நேராக நின்று, குழாய்களும் பலகைகளும் அவற்றில் ஏறி நின்ற இரண்டு வேலைக்காரர்களுமாக ஒரு படம் எடுத்தேன். கண்ணாடியில் மழைத்துளி விழுந்துவிட்டது, படம் சுமார்தான். முதல் படத்தை நான் அழிக்கவில்லை. இரண்டையும் நண்பர்களுக்குக் காட்டினேன். எல்லோரும் முதல் படம்தான் நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.